பிள்ளைகளின் தொற்று நோய்: மறைப்பதா, தெரிவிப்பதா?

"ஹஜ்ரத், பையனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. இப்ப பரவாயில்ல. யாருக்கும் சொல்லிடாதீங்க. வீட்ல பெரியவளுக்கு நிக்காஹ் நெருங்குது."

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையின் தென் புறநகரில் நாம் ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்த மாலை நேர மக்தபின் வாசலில் நின்று ஒரு தந்தை நம்மிடம் சொன்ன வார்த்தைகள் இவை. பையனின் முகத்தில் கொப்புளங்கள் முழுதாகக் காயவில்லை. ஆனாலும் நாம் தலையசைத்தோம். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது நன்மை என்று அன்று நாம் நினைத்தோம். பையனும் மற்ற பிள்ளைகளோடு பாயில் அமர்ந்து ஓதினான்.

இரண்டு வாரம் கழித்து மூன்று பிள்ளைகள் வரவில்லை. அடுத்த வாரம் ஏழு பேர். அவர்களில் ஒரு சிறுமியின் தாய் நிறைமாத கர்ப்பிணி. மகளிடமிருந்து தாய்க்கும் சின்னம்மை தொற்றியது. பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தாய்க்கு இந்நோய் வந்தால் பச்சிளம் குழந்தைக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம் என்பதை அன்றுதான் அறிந்தோம். தாயையும் பிள்ளையையும் தனி அறையில் வைத்துப் பல நாள் கண்காணித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இருவரும் நலமாக வீடு திரும்பினர். ஆனால் அந்த மருத்துவர் கேட்ட கேள்வி இன்றும் நம் நெஞ்சில் இருக்கிறது: "முதல் பிள்ளைக்கு வந்த அன்றே ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. இன்று மக்தப், பாலர் பள்ளி, டே கேர், ஹிஃப்ழ் விடுதி நடத்தும் சகோதர சகோதரிகளுக்காகவும், பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறோம்.

சிறு பிள்ளைகள் கூடும் இடம்

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாட்டுப் பொருளை வாயில் வைப்பார்கள். ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பார்கள். தும்மும்போது முகத்தை மூடத் தெரியாது. தடுப்பூசித் தவணை முடியாத கைக்குழந்தைகளும் அவர்களோடு இருப்பார்கள். எனவே ஒரு வீட்டில் ஒருவரோடு நின்றுவிடக்கூடிய நோய், இங்கே ஒரே வாரத்தில் பத்து வீடுகளுக்குப் போய்விடும்.

தாம்பரம் பகுதியை எடுத்துக் கொள்ளுங்கள். சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலும், ஜி.எஸ்.டி. சாலை, ஓ.எம்.ஆர். நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் தாய்மார்கள் காலை எட்டு மணிக்குள் பிள்ளையை எங்காவது விட்டாக வேண்டும். விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும். பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் பாராசிட்டமால் சிரப் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மதியம் மருந்தின் வேகம் குறைந்ததும் காய்ச்சல் மீண்டும் ஏறும். அதற்குள் அறையில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் கிருமி போய்ச் சேர்ந்திருக்கும். இதில் அந்தத் தாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருடைய நெருக்கடியையும் கணக்கில் கொண்டே வழி தேட வேண்டும்.

சட்டம் புதிதல்ல

நோயைத் தெரிவிப்பது ஏதோ கொரோனா காலத்தில் வந்த வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியான இந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. சின்னம்மை, தட்டம்மை, தொண்டை அடைப்பான், காலரா, காசநோய் போன்றவை அதில் அறிவிக்கப்பட்ட நோய்களாக இடம்பெற்றுள்ளன. தகவல் தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கு மட்டும் உரியதல்ல. குடும்பத் தலைவருக்கும், கட்டடத்தை நிர்வகிப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. தொற்று நோயுள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

நாடு முழுவதற்குமான ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கியது. களத்தில் இருக்கும் சுகாதாரப் பணியாளர் அறிகுறிகளைக் கொண்டும், மருத்துவர் தம் கணிப்பைக் கொண்டும், ஆய்வகம் பரிசோதனை முடிவைக் கொண்டும் தனித்தனிப் படிவத்தில் தகவல் அனுப்புகிறார்கள். இப்போது இது கணினி வழியாக அன்றாடம் நடக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒன்றை நம்பியே இருக்கிறது. யாராவது ஒருவர் முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்வது?

நம் பகுதியில் பலருக்கும் குழப்பம் இங்கேதான். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. அதில் 5 மண்டலங்கள், 70 வார்டுகள். ஆனால் ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பெருங்குடி எல்லாம் பெருநகர சென்னை மாநகராட்சிக்குள் வருகின்றன. மேடவாக்கம், வண்டலூர் போன்றவை ஊராட்சிகளாக இருந்து வருபவை. ஒரு தெரு தாண்டினால் அலுவலகம் மாறிவிடும்.

எளிய வழி இதுதான். உங்கள் இடத்திற்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். மாநகராட்சிப் பகுதி என்றால் வார்டு சுகாதார ஆய்வாளரிடமும் சொல்லலாம். அவர் மாநகர நல அலுவலருக்குத் தெரிவிப்பார். ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். யாருடைய எண்ணும் கையில் இல்லாவிட்டால் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்து வழி கேளுங்கள். எல்லை தவறி வேறு அலுவலகத்தில் சொல்லிவிட்டால் குற்றமில்லை. உரிய இடத்திற்கு அனுப்பி வைக்கச் சொன்னால் போதும். எங்கும் சொல்லாமல் இருப்பதே தவறு.

என்ன நோய் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. "எங்கள் மையத்தில் 30 பிள்ளைகள். நேற்றிலிருந்து நான்கு பேருக்குக் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும். எல்லோரும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள்" என்று சொன்னாலே போதும். நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை.

எப்போது சொல்ல வேண்டும்?

ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்ததற்கெல்லாம் யாரும் தகவல் கேட்கவில்லை. ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒரே ஒரு பிள்ளை என்றாலும் அன்றே சொல்ல வேண்டும்:

• காய்ச்சலோடு உடம்பில் சிவந்த தடிப்பு. இது தட்டம்மையாக இருக்கலாம். தட்டம்மைக்கு எதிர்ப்பு சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியின் அருகில் இருந்தால் ஒன்பது பேர் வரை தொற்றிவிடும்.

• தொண்டை வலியோடு உள்ளே சாம்பல் நிறப் படலம், கழுத்து வீக்கம். இது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

• 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரெனக் கையோ காலோ தளர்ந்து போதல். இப்படி ஒவ்வொரு பிள்ளையையும் விடாமல் தேடிச் சோதித்ததால்தான் 2014-இல் நம் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கண்காணிப்பு இன்றும் தொடர்கிறது.

• மையத்தில் பணிபுரியும் ஆசிரியருக்கோ ஆயாவுக்கோ காசநோய் என்று உறுதியாதல். 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம்தான் நம் ரயில் நிலையம் ஒன்றுக்கே பெயர் தந்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் இதை மறைக்கலாமா?

வாந்தி பேதி, சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, கை கால் வாயில் கொப்புளம், மெட்ராஸ் ஐ, ஃப்ளூ காய்ச்சல் போன்றவை ஒரே வாரத்தில் இரண்டு, மூன்று பிள்ளைகளுக்கு வந்தால் தகவல் கொடுங்கள்.

எத்தனை நாள் வீட்டில்?

பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பொதுவான அளவு: சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை. தட்டம்மை என்றால் தடிப்பு தோன்றிய பிறகு நான்கு நாட்கள். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாட்கள். வாந்தி பேதி என்றால் நின்ற பிறகும் இரண்டு நாட்கள். காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் உடம்பு சுடாமல் இருக்க வேண்டும். மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

சின்னம்மை, தட்டம்மை இரண்டுமே கொப்புளமோ தடிப்போ தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடும். "வந்ததும் வீட்டில் வைத்துக்கொண்டோம், பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று சிலர் கேட்பதற்கு இதுவே பதில். பிள்ளை படுப்பதற்கு முன்பே அருகிலிருந்தவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சொன்ன பிறகு என்ன நடக்கும்?

"அதிகாரிகள் வருவார்கள், பூட்டுப் போடுவார்கள், பேப்பரில் பெயர் வரும்." இந்தப் பயம்தான் பல நிர்வாகிகளின் வாயை மூடுகிறது. நடப்பது பெரும்பாலும் இதுதான்: செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் வருவார்கள். யாருக்கு எப்போது தொடங்கியது என்று பட்டியல் எடுப்பார்கள். தட்டம்மைச் சந்தேகம் என்றால் இரத்த மாதிரி பரிசோதனைக்குப் போகும். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளைப் பார்ப்பார்கள். விட்டுப்போனவர்களுக்கு ஊசி போடுவார்கள். தட்டம்மை நோயாளியின் அருகில் இருந்த பிள்ளைக்கு மூன்று நாட்களுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கும் வாய்ப்பு உண்டு. நான்காம் நாள் சொன்னால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் சோதித்து, குளோரின் கலப்பார்கள்.

மையத்தை மூட வேண்டிய நிலை அரிதாகவே வரும். சீக்கிரம் சொன்னால் மூடாமல் தப்பிக்கலாம். 2023 மார்ச்சில் ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது புதுச்சேரியில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை பள்ளிகளை மூட நேர்ந்தது. அதே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். எங்கே காய்ச்சல் கூடுதல் என்ற தகவல் வந்தால்தான் இப்படி முகாமைத் தேவையான தெருவுக்குக் கொண்டுவர முடியும்.

தாமதத்தின் விலை

2022 அக்டோபர் கடைசியில் மும்பை கோவண்டியில் ஒரே குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் ஓரிரு நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகே அந்தப் பகுதியில் தட்டம்மை ஏற்கெனவே பரவியிருந்தது வெளியே தெரிந்தது. நெருக்கமான குடிசைகள், தடுப்பூசி போடாத பிள்ளைகள், நம் சமுதாயத்தவர் அதிகம் வாழும் பகுதி. பிறகு மும்பை மாநகராட்சி இமாம்களின் உதவியை நாடியது. பள்ளிவாசல்களிலிருந்து தடுப்பூசி குறித்து அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு முன்பே ஒலித்திருந்தால் சில வீடுகளில் மய்யித் விழாமல் இருந்திருக்கலாம்.

கேரளத்து மலப்புரத்தில் 2015, 2016 ஆண்டுகளில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைதூக்கிப் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. வழக்கொழிந்து விட்டது என்று நினைத்த நோய், தடுப்பூசித் தவணை விட்டுப்போன பிள்ளைகளிடையே திரும்பி வந்தது. விடுதிகளில் தங்கி ஓதும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இப்போது 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசியில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்தே இருக்கிறது.

நம் ஊரிலேயே 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பல்லாவரம் கன்டோன்மென்ட், காமராஜ் நகர், மலைமேடு பகுதிகளில் 30-க்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததா, வேறு காரணமா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. அந்த விவாதத்திற்குள் நாம் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம். தண்ணீரில் கோளாறு என்றால் சிறு பிள்ளைகளின் வயிறு அதை முதலில் காட்டிவிடும். பால்வாடியிலும் டே கேரிலும் மூன்று பிள்ளைகளுக்குப் பேதி என்று ஒரு நாள் முன்னதாகத் தகவல் போனால், ஒரு தெருவே குழாயைத் திறக்கும் முன் எச்சரிக்க முடியும்.

நம்மவர்களின் கூடுதல் தயக்கம்

இதைப் பேசாமல் விட்டால் நேர்மையாகாது. 2020-இல் டெல்லி தப்லீக் ஜமாஅத் நிகழ்வை வைத்து ஒரு சமுதாயத்தின் மீதே நோயைச் சுமத்தினார்கள். காய் விற்ற பாயைக் கூடத் தெருவுக்குள் விடவில்லை. பின்னர் தமிழ்நாட்டு அரசின் அன்றாட அறிக்கையில் அமைப்பின் பெயரைச் சொல்லாமல் 'ஒரே தொற்று மூலம்' என்ற பொருளில் குறிப்பிடத் தொடங்கினார்கள். அதே ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத இடமிருக்கிறது என்றது. ஆனால் அந்த ஆறு மாதக் காயம் ஆறவில்லை. "மதரஸாவில் நோய்" என்று செய்தி வந்துவிட்டால்? இந்தப் பயத்தை வீண் என்று தள்ள நம்மால் முடியாது.

ஆயினும் யோசித்துப் பாருங்கள். மறைத்து, பிறகு இருபது பிள்ளைகளோடு வெளியே வந்தால்தான் அது பெரிய செய்தி. இரண்டு பிள்ளைகள் இருக்கும்போதே நாமே சொல்லி, செவிலியரை அழைத்து, ஊசி போட்டு முடித்தால் அதில் செய்தி ஒன்றும் இல்லை. அத்தோடு, பிள்ளையின் பெயரைச் சுகாதாரத் துறையிடம் மட்டுமே சொல்ல வேண்டும். மற்ற பெற்றோரிடம், "வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை, வீட்டில் கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, நீண்ட நோயாளியோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்" என்பது போதும். வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடுவதும், போட்டோ போடுவதும் கூடவே கூடாது.

2017-இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் எத்தனை பெற்றோரைப் பின்வாங்க வைத்தன என்பதையும் நாம் பார்த்தோம். வதந்தி பரப்ப ஒரு விரல் போதுமாக இருந்தது. உண்மையைச் சொல்லும் பொறுப்பு உலமாக்களாகிய நமக்கும் இருந்தது. நம்மில் பலர் அன்று பேசவில்லை.

மார்க்கத்தின் பார்வை

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிப் புறப்பட்டு 'சர்ஃ' என்ற இடத்தை அடைந்தார்கள். படைத் தளபதி அபூ உபைதா (ரலி) அவர்களும் தோழர்களும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளை நோய் பரவியிருப்பதாகத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) ஆலோசனை கேட்டார்கள். திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துரைத்தபோது, தம் முடிவு அதற்கு ஒத்திருந்ததற்காக உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் உமர் (ரலி) அவர்களின் முடிவைப் பற்றிப் பேசுகிறோம். அதற்கு முன் நடந்ததைக் கவனிப்பதில்லை. பொறுப்பில் இருந்தவர்கள் நோயை மறைக்காமல் எதிரே வந்து தெரிவித்தார்கள். அந்தத் தகவல் இல்லாவிட்டால் ஆலோசனையும் இல்லை, முடிவும் இல்லை.

நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒட்டகத்திற்கே இந்தக் கவனம் என்றால் பிள்ளைகளுக்கு?

அடுத்தவர் குறையை மறைப்பது நன்மைதான். ஆனால் அது பாவத்தையும் மானத்தையும் பற்றியது. நோய் பாவமும் அல்ல, மானக்கேடும் அல்ல. புறம் பேசுவதாகாதா என்று கேட்பவர்களுக்கு, தீங்கிலிருந்து மற்றவர்களை எச்சரிப்பது புறத்தில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் விளக்கியிருப்பதை நினைவூட்டுகிறோம். நாம் அன்று மக்தப் வாசலில் தலையசைத்தபோது இந்த வேறுபாட்டை மறந்திருந்தோம்.

நாம் செய்யக் கூடியவை

ஒவ்வொரு மையத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். தேதி, வராத பிள்ளை, காரணம் என்று மூன்று கட்டங்கள் போதும். இரண்டு பேருக்கு ஒரே காரணம் என்றால் அது கண்ணில் படும். பிள்ளையைச் சேர்க்கும்போதே தடுப்பூசி அட்டையின் நகலை வாங்கி வையுங்கள். அரசின் இலவச அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி உண்டு. சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் அதில் இல்லை. அவற்றை மருத்துவரிடம் கேட்டுத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். யார் தகவல் சொல்வது என்று ஒருவரை முன்பே நியமியுங்கள். இல்லையென்றால் உஸ்தாத் முதவல்லி சொல்வார் என்றும், முதவல்லி உஸ்தாத் சொல்வார் என்றும் இருந்துவிடுவார்கள்.

நோயால் வராத நாட்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள். அப்போதுதான் பெற்றோர் உண்மையைச் சொல்வார்கள். தினக்கூலியில் இருக்கும் தாய் பிள்ளையோடு ஐந்து நாள் வீட்டில் இருக்க நேர்ந்தால், அந்த ஐந்து நாள் அடுப்பெரிவதை மஹல்லா ஜமாஅத் பார்த்துக்கொள்ளட்டும். பைத்துல்மாலுக்கு இதைவிடப் பொருத்தமான செலவு இருக்கிறதா?

நிக்காஹ் நெருங்குகிறது என்று சொன்ன அந்தத் தந்தை கெட்டவர் அல்லர். "சொன்னால் என்ன ஆகுமோ" என்று பயந்தவர். அன்று நாம் அவரிடம், "பயப்படாதீங்க பாய், பெயர் வெளியே போகாது, பையன் ஒரு வாரம் வீட்ல இருக்கட்டும், நானே நர்ஸம்மாகிட்ட பேசறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒவ்வொரு மையத்திலும் ஒருவர் இருந்தால் போதும். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பார்கள்.